கூடு மாறிய வன்தட்டு

மாலை மழையோடு இடியும் இறங்கும் நாடு மலேசியா. அந்நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். முந்திய நாள் இறங்கிய இடியில் அலுவலகக் கணினியின் தாய்ப்பலகை கருகிவிட்டது. விசையை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை, விசிறி சுழல்வதில்லை. பழுது பார்க்க வந்த இளைஞர் பெட்டியைத் திறக்கிறார். உள்ளங்கை அகலமுள்ள ஓர் உலோகப் பெட்டியைக் கழற்றி எடுக்கிறார். "இது பிழைத்திருக்கும், ஐயா. வேறொரு கணினியில் மாட்டிப் பார்ப்போம்" என்கிறார்.

அந்தச் சிறு பெட்டியே வன்தட்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகள், ஆண்டு மலர்களின் மூலப்படிகள், பள்ளி ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்து நிழற்படங்கள் என எல்லாம் அதனுள் இருக்கின்றன. அவற்றோடு கணினியை எழுப்பி நடத்தும் இயங்குதளமும் அதிலேயே குடியிருக்கிறது. பெட்டி, திரை, விசைப்பலகை ஆகியவை உடல் எனின், வன்தட்டில் இருப்பதை உயிர் என்று கூறிவிடலாம் போலத் தோன்றுகிறது. 'கணினி செத்துவிட்டது, வன்தட்டு பிழைத்தது' என்று மக்கள் பேசுவதும் அக்கருத்திலேதான்.

ஆயின், அவ்வளவு எளிதில் இவ்வுவமையை ஏற்றுக்கொள்ளலாமா? ஒரு கணினியின் வன்தட்டை இயங்குதளத்தோடு எடுத்து மற்றொரு கணினியில் பொருத்தினால் கண் விழிப்பது எது? பழைய கணினியா, புதிய கணினியா, இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்றா? பொழுதுபோக்கு வினாப் போலக் காணப்படும் இதனுள் மாந்தர் நெடுங்காலமாக விடை தேடிவரும் வினா ஒன்று அடங்கியிருக்கிறது.

உடலும் நினைவும் பிரியக்கூடியனவாக இருந்தால்தான் இவ்வினாவே பிறக்கும். ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே அதில் அடங்கின. அதை இடம் மாற்றப் பளுதூக்கி வேண்டும். கையில் எடுத்துச் சென்று வேறொரு கணினியில் மாட்டும் பேச்சுக்கே அன்று இடமில்லை. நினைவு கையடக்கமாகச் சுருங்கிய பின்னரே கூடுவிட்டுக் கூடு பாய்தல் கணினிக்கும் இயல்வதாயிற்று.

பாய்ந்த கூட்டில் அது எழுகிறதா என்பதை அறியக் கணினி விழித்தெழும் முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் பேசுவது வன்தட்டு அன்று. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் சிறு நிரல் ஒன்று நிலையாகப் பதிந்திருக்கிறது. பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர். அது உடலைச் சேர்ந்தது. உறுப்புகள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, வன்தட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகளைப் படிக்கிறது. அதிலிருந்து ஏற்றுநிரல் எழுகிறது. ஏற்றுநிரல் இயங்குதளத்தின் கருவகத்தை எழுப்புகிறது. அதுவரையில் வன்தட்டைப் படித்துக் கொடுத்தது பயாஸே. கருவகம் எழுந்தவுடன், 'இனி நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பது போலப் பயாஸின் கையை விட்டுவிடுகிறது. தன்னிடமுள்ள இயக்கி என்னும் சிறு நிரலைக் கொண்டு வன்தட்டைத் தானே படிக்க முற்படுகிறது. குழந்தை தாயின் விரலை விட்டுத் தன் காலால் நடக்கும் அந்த ஓர் அடியில்தான் எல்லாம் இருக்கிறது.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியைக் கையாண்டவர்கள் அந்த அடியில் நேரும் வீழ்ச்சியை நன்கு அறிவர். எக்ஸ்பி ஒரு கணினியில் முதன்முதல் நிறுவப்படும்போது, அக்கணினியில் வன்தட்டை ஆளும் சில்லு எவ்வகையினது என்று பார்த்துக்கொள்ளும். அதற்குரிய இயக்கியை மட்டும் 'எழுந்தவுடன் அழைக்க வேண்டியது' எனக் குறித்துவைக்கும். வன்தட்டை வேறு வகைச் சில்லுள்ள கணினியில் பொருத்தினால், புதிய கணினியின் பயாஸ் முதலடிகளைச் செம்மையாக எடுத்துவைக்கும். கருவகமும் எழும். எழுந்து, பழைய வீட்டின் வாயில் இருந்த திசையில் கையை நீட்டும். அங்கே வாயில் இராது. உடனே திரை முழுதும் நீலமாகும். 7பி என முடியும் பிழையெண் ஒன்று தோன்றும். எழுவதற்குரிய வட்டை எட்ட இயலவில்லை என்பது அதன் பொருள்.

இதில் உள்ள முரண் சிந்திக்கத்தக்கது. புதிய சில்லுக்கு வேண்டிய இயக்கி பெரும்பாலும் அதே வன்தட்டிலேயே இருந்திருக்கும். பொதுவான இயக்கிகள் பலவற்றை எக்ஸ்பி தன்னுடனேயே கொண்டுவந்தது. ஆயினும், எழும் நொடியில் அழைக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை. பட்டியலைத் திருத்துவதற்கு வட்டை எட்ட வேண்டும். வட்டை எட்டுவதற்குப் பட்டியல் திருந்த வேண்டும். தான் அறிந்ததைத் தானே அடைய முடியாத நிலை இது. அறியாமை எனக் கூற இயலாது. நினைவு குறைந்ததாகவும் கூற இயலாது. ஓரிடத்தின் செய்தியை உலகின் செய்தியாக எடுத்துக்கொண்டதே குறை. ஒரு தோட்டப் பள்ளியில் இருபது ஆண்டு கற்பித்து அப்பிள்ளைகளின் பெயரையும் பெற்றோரையும் வீட்டுநிலையையும் விரல்நுனியில் வைத்திருந்த நல்லாசிரியர், நகரப் பள்ளிக்கு மாற்றலாகி முதல் நாள் வகுப்பில் திகைத்து நிற்பதை ஆசிரிய உலகம் அறியும். அவர் கற்றது எதுவும் குறைந்துவிடவில்லை. அதை அழைக்கும் வழிதான் பழைய வகுப்பறையில் நின்றுவிட்டது.

எல்லா இயங்குதளமும் இவ்வாறு வீழ்வதில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் லினசு டோர்வால்ட்சு என்னும் மாணவர் தொடங்கிய லினக்ஸ், ஒவ்வொரு முறை எழும்போதும் 'இங்கே என்னென்ன இருக்கின்றன?' என்று உறுப்புகளைக் கேட்டுக் கேட்டு, விடைக்கேற்ற இயக்கியை அழைத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. நேற்று இருந்த உடலே இன்றும் இருக்கும் என்று அது எண்ணிக்கொள்வதில்லை. அதனால் லினக்ஸ் நிறுவிய வன்தட்டை ஒரு கணினியிலிருந்து கழற்றி மற்றொன்றில் மாட்டினால், பெரும்பாலும் பேச்சின்றி எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். அதிலும் தடுக்கல் இல்லாமல் இல்லை. சில வகை லினக்ஸ்கள், விரைந்து எழ வேண்டும் என்பதற்காக, இருக்கும் கணினிக்கு வேண்டிய இயக்கிகளை மட்டும் முதற்கட்டுச் சோறாகக் கட்டிவைத்துக்கொள்ளும். அவை புதிய இடத்தில் பசித்து நிற்பதுண்டு. விண்டோஸும் பழைய நிலையிலேயே நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10, வேறு கணினியில் விழித்தால் 'சாதனங்கள் ஆயத்தமாகின்றன' என்னும் பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டிச் சற்றுநேரம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. ஆகவே இது குலத்தால் வந்த வேறுபாடு அன்று, பழக்கத்தால் வந்தது. கேட்கும் பழக்கத்தைப் பின்னால் வந்தும் கற்கலாம்.

கேட்பதால் நேரம் செலவாகிறது என்பதையும் மறைத்தல் ஆகாது. எக்ஸ்பி செய்தது சிக்கனம். ஓரிடத்திலேயே வாழ்வதாயின் ஒவ்வொரு காலையும் 'இது யாருடைய வீடு?' என்று கேட்டுக்கொண்டா எழ வேண்டும்? ஊர் மாறாதவனுக்கு அவ்வினா வீண்வேலையே. திருக்குறளில் 'இடனறிதல்' எனத் தனி அதிகாரமே இருக்கிறது. இடத்தோடு பொருந்தி நிற்பது வலிமை என்பதும், இடம் நீங்கினால் அவ்வலிமை நீங்கும் என்பதும் அவ்வதிகாரத்திலேயே அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது முறையன்று.

வன்தட்டை இடம் மாற்றப் போவதாக முன்னரே தெரிந்தால் செய்யத்தக்க ஓர் ஆயத்தம் உண்டு. விண்டோஸுடன் வரும் சிஸ்பிரெப் என்னும் கருவி, இயங்குதளம் தன் உடலைப் பற்றி எழுதிவைத்துள்ள குறிப்புகளைத் துடைத்துவிடும். அடுத்த முறை அது எழும்போது, எந்தக் கணினியையும் அறியாததுபோல எழுந்து எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். இங்கு மறத்தல் ஓர் அறமாகவே ஆகிறது. எனினும் எதை மறப்பது என்பதில் அளவு உண்டு. சங்கக் குறிப்புகளும் நிழற்படங்களும் துடைக்கப்படுவதில்லை. சில்லுகளின் பெயர்களே துடைக்கப்படுகின்றன. இடி விழுந்த கணினிக்கோ இந்த ஆயத்தம் கிட்டுவதில்லை. சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை அன்றோ!

இனி உரிமம் பற்றிய வினாவுக்கு வரலாம். புதிய கணினியில் இயங்குதளம் எழுந்துவிட்டது என்றே கொள்வோம். எழுந்த சிறிது நேரத்தில், 'இவ்விண்டோஸ் உரிமம் பெற்றதன்று' என்னும் அறிவிப்புத் திரையின் மூலையில் தோன்றக்கூடும். பள்ளி உரிய விலை கொடுத்து வாங்கியதுதான். வாங்கியபோது உரிமம் சரிபார்க்கப்பட்டதும் உண்மைதான். பின் ஏன் இக்குற்றச்சாட்டு? எக்ஸ்பி காலத்திலிருந்து கையாளப்படும் முறை இது: உரிமம் உறுதிசெய்யப்படும்போது, கணினியின் பல உறுப்புகளின் அடையாளங்கள் ஒன்றுசேர்த்துக் குறித்துக்கொள்ளப்படும். எக்ஸ்பி பத்து உறுப்புகளைப் பார்த்தது. ஒன்றிரண்டு மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல மாறினால், 'நீ அவன் அல்லன்' என்று கூறிவிடும். கணினியோடு சேர்த்து விற்கப்படும் உரிமமோ அந்தத் தாய்ப்பலகைக்கே உரியது. தனியாக வாங்கிய உரிமத்தை மட்டுமே வேறு கணினிக்குக் கொண்டு செல்லலாம்.

இவ்விடத்தில் தமிழர் அறிந்த ஒரு வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பு. கயிலையிலிருந்து தெற்கு நோக்கி வந்த சிவயோகியார், திருவாவடுதுறைக்கு அருகில் சாத்தனூர் ஆயன் மூலன் இறந்து கிடப்பதையும், அவனைச் சுற்றி ஆநிரைகள் கதறுவதையும் காண்கிறார். ஆக்களின் துயர் பொறாது, தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். ஆக்கள் மகிழ்கின்றன. மாலையில் அவை தத்தம் வீடு சேர்கின்றன. மூலனின் மனைவி தன் கணவனை அழைக்க வருகிறாள். வந்தவரோ அவளோடு தமக்குத் தொடர்பில்லை என்று விலகி நிற்கிறார். அவள் ஊராரிடம் முறையிடுகிறாள். ஊரார் வந்து பார்த்து, இவர் யோகநிலை உற்றவர் என்று கூறி அவளைத் தேற்றி அனுப்புகின்றனர். யோகியார் தம் உடலைத் தேடுகிறார், அது கிட்டவில்லை. மூலனின் உடலிலேயே தங்கித் திருமூலராகித் திருமந்திரத்தை அருளிச் செய்கிறார். பெரிய புராணம் கூறும் இச்செய்தியைத் தமிழாசிரியர்கள் பலமுறை வகுப்பில் சொல்லியிருப்பர். சொல்லும்போது யோகியாரின் பெருமையில் நின்றுவிடுவதே வழக்கம். அந்த ஆயர்குலப் பெண்ணின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர் குறைவு.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ட முகம் மூலனின் முகம். கை மூலனின் கை. ஆக்களும் அவ்வுடலைக் கண்டே மகிழ்ந்தன. உடலை அடையாளமாகக் கொண்டால் அவள் வழக்கு வெல்லும். நினைவை அடையாளமாகக் கொண்டால் யோகியார் சொல் வெல்லும். ஊரார் இரண்டாவதையே ஏற்றனர். உரிமம் கேட்கும் இயங்குதளமோ அப்பெண்ணின் பக்கம் நிற்கிறது. 'நினைவெல்லாம் அதே நினைவுதான். ஆயின் உறுப்புகள் வேறு. ஆகவே நீ வேறு' என்பது அதன் தீர்ப்பு.

ஆங்கில மெய்யியலறிஞர் சான் லாக், 1694ஆம் ஆண்டில் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இதனோடு ஒத்த கதை ஒன்றைக் கற்பனை செய்தார். ஓர் இளவரசனின் உயிர், தன் பழைய வாழ்வின் நினைவு முழுவதையும் சுமந்துகொண்டு, ஒரு செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால் அவன் யார்? நினைவின்படி அவன் இளவரசனே என்றும், இளவரசன் செய்த செயல்களுக்கே அவன் பொறுப்பாவான் என்றும் லாக் கூறினார். ஆயினும் அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு அவன் பழைய செருப்புத் தைப்பவனாகவே இருப்பான் என்பதையும் அவர் மறுக்கவில்லை. சாத்தனூர்ப் பெண்ணின் வழக்கை அவர் கேட்டிருந்தால் ஊராரோடு சேர்ந்திருப்பார் என்று கொள்ளலாம்.

இவ்வளவில் வினா தீர்ந்ததுபோலத் தோன்றும். நினைவே ஆள், உடல் வெறும் கூடு, ஆகவே வன்தட்டே கணினி, உரிமம் கேட்பது வணிகர் பேராசை என்று முடித்துவிடலாம். அவசரப்பட்ட முடிவு அது. வன்தட்டுக்கு யோகியாரிடமும் இளவரசனிடமும் இல்லாத ஓர் இயல்பு உண்டு. அதைப் படியெடுக்கலாம். ஒரு வன்தட்டில் உள்ளதை ஓர் எழுத்தும் பிசகாமல் இன்னொன்றில் எழுதிவிடலாம், பத்திலும் எழுதலாம். பத்துக் கணினிகளில் பத்தையும் மாட்டினால் பத்தும் ஒரே பெயரோடு எழுந்து, 'பள்ளி அலுவலகக் கணினி நானே' என்று ஒரே குரலில் கூறும். எது மெய்?

இதே ஐயத்தை ஆங்கில மெய்யியலறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1950களில் எழுப்பினார். நெடுநாள் முன் இறந்த ஒருவனின் நினைவோடு இன்று ஒருவன் எழுந்தால் அவனை இவன் என்று கூறத் துணிகிறோம். அதே நினைவோடு இருவர் எழுந்தால் என் செய்வது? ஒருவன் இருவராக இருக்க முடியாது. இருவருள் ஒருவனை மட்டும் தேர்ந்தெடுக்கக் காரணமும் இல்லை. எனவே நினைவு மட்டுமே ஆளைத் தீர்மானிக்கப் போதாது என்றார் அவர். படியெடுக்க முடியாதது எதுவோ அதுவும் வேண்டும். உடல் அத்தகையது. இங்கிருக்கும் உடல் அதே நேரத்தில் அங்கிருக்க முடியாது.

இதனைக் கண்ட பின்னர், உறுப்புகளை எண்ணிப் பார்க்கும் உரிமமுறை முழுவதும் பேராசையால் வந்தது என்று சொல்ல மனம் துணிவதில்லை. விற்றவர் தம் ஆதாயத்துக்காகவே அதை அமைத்தார் என்பது உண்மை. இடியில் கணினியை இழந்த பள்ளியிடம் மீண்டும் விலை கேட்பது கடுமை என்பதும் உண்மை. எனினும் படிகள் பெருகும் உலகில், 'ஒன்று' என்று எண்ணிச் சொல்ல உடலைத் தவிர வேறு பிடி இல்லை என்பதையும் ஒப்ப வேண்டியிருக்கிறது. சாத்தனூர்ப் பெண் பற்றி நின்றதும் அந்தப் பிடியையே. அவளை அறியாப் பெண் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

படியெடுத்தலில் மற்றோர் அறக்கேடும் உண்டு. புதிய கணினிக்குப் படியெடுத்தபின் பழைய வன்தட்டை மேசை இழுப்பில் போட்டு மறந்துவிடுவோர் பலர். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவோரும் உளர். கோப்பை நீக்கு என்று கட்டளையிட்டால், பழைய சுழல்வட்டில் பட்டியலிலிருந்து பெயர் மட்டுமே நீங்குகிறது. மேலே வேறு எழுதப்படும்வரை எழுத்துகள் அப்படியே கிடக்கும். பிள்ளைகளின் வீட்டு முகவரியும் குடும்ப வருமானமும் அதில் இருந்திருக்கலாம். நினைவைச் சுமப்பவர்க்கு அதனை முறையாக அழிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

அண்மைக்காலக் கணினிகள் உடலையும் நினைவையும் இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டன. பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ என்னும் அமைப்பில், எந்த வட்டிலிருந்து எந்த நிரலை எழுப்புவது என்னும் குறிப்பே தாய்ப்பலகையின் நினைவில் எழுதப்படுகிறது. வட்டைக் கழற்றினால் அக்குறிப்பு உடன் வராது. பொதுவழி ஒன்று வட்டிலேயே வைக்கப்பட்டிருந்தால்தான் புதிய கணினி அதனைக் கண்டெடுக்கும். இதனினும் பெரிய மாற்றம் டிபிஎம் என்னும் காவற்சில்லு. 2021ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 அதனைக் கட்டாயமாக்கியது. வட்டில் உள்ளவை அனைத்தும் மறைக்குறிகளாக மாற்றப்பட்டு, அவற்றைத் திறக்கும் சாவி அச்சில்லினுள் வைக்கப்படுகிறது. வட்டைத் திருடிச் செல்பவனுக்குக் குப்பையே கிட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயின் இடி விழுந்த பள்ளிக்கும் அதே குப்பைதான் கிட்டும். கள்வனும் உரியவனும் அவ்வட்டின் கண்ணுக்கு ஒன்றே. இருவரும் வேற்றுக்கூட்டில் வைத்து எழுப்புபவர்கள். உரியவனைப் பிரித்துக் காட்டுவது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றே. அதைக் குறித்து வைக்காதவர், தம் பொருளுக்குத் தாமே அயலார் ஆகிவிடுகின்றனர்.

இவ்விடத்தில் வினா இயந்திரத்தை விட்டு மாந்தரிடம் வந்துவிடுகிறது. உடல் நினைவுக்கு அடையாளம் தருகிறது. உடல் அழியும்போது அந்த அடையாளத்தையும் கொண்டுபோய்விடுகிறது. இடையில் நின்று, 'இது அதுவே' என்று சான்று கூற யாரேனும் ஒருவர் வேண்டும். சாத்தனூரில் ஊரார் அவ்வாறு நின்றனர்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறிய பின்னர், உரிமத்தோடு வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் பெயர்ந்தவை. கட்டடம் வேறு, பிள்ளைகள் வேறு, சுற்றிலும் பால்மரங்கள் இல்லை. பெயரில் மட்டும் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் நிற்கிறது. அப்பள்ளி பழைய பள்ளியா, புதிய பள்ளியா? உரிமத்தைக் கேட்டால் ஒரு விடை; செங்கல்லைக் கேட்டால் வேறு விடை. பழைய மாணவர் ஒருவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து வந்து வாயிலில் நிற்கும்போது என்ன விடை சொல்வது? அவர் தேடும் அரசமரம் அங்கே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'உரிமம் ஒன்றுதான்' என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று பழைய நிழற்படங்களைக் காட்டுவதே வழி. அப்படங்களோ, இடி விழுந்த கணினியின் வன்தட்டில் இருக்கின்றன.

அந்த அலுவலகத்துக்கே திரும்பலாம். இளைஞர் வன்தட்டை வேறொரு கணினியில் மாட்டிவிட்டார். நீலத்திரை வரவில்லை, மீட்புச் சாவியைக் கேட்கும் கட்டம் வந்திருக்கிறது. ஆறு இலக்கமாக எட்டு இடங்கள் வெறுமையாக நிற்கின்றன. அக்கணினியை வாங்கியபோது அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அம்மையார் ஓய்வு பெற்று இரண்டாண்டு ஆகிறது. தலைமையாசிரியர் தொலைபேசியில் அழைக்கிறார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், "கணினி வந்த நாளில் பொருட்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ நீளமாக எழுதி வைத்தேன், ஐயா. எதற்கென்று அன்றைக்கு எனக்கே தெரியாது, மாட்ட வந்த பையன் எழுதச் சொன்னான்" என்கிறார்.

பதிவேடு அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நீல மையில் எட்டு வரிசைகள். மூன்றாம் வரிசையில் ஓர் எண் ஒன்றா ஏழா என்று தெளிவாக இல்லை. ஒன்று என்று இட்டுப் பார்க்கின்றனர், ஏற்கவில்லை. ஏழு என்று இடுகின்றனர். திரை சற்று இருண்டு, பின் எழுகிறது. பழைய பெயரோடு, பழைய கோப்புகளோடு, தோட்டத்துக் கொட்டகைப் பள்ளியின் முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கி நிற்கும் பிள்ளைகளின் படத்தோடு எழுகிறது. மூலையில் உரிமம் பற்றிய அறிவிப்பும் உண்டு. படத்தை ஒரு தாளில் எடுத்துப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் கட்டளை கொடுக்கிறார். தாள் வரவில்லை. இடியில் கருகிப்போன பழைய அச்சுப்பொறியைக் கணினி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.